அப்பாவின் வகுப்பும் நீ அனுப்பிய வைஃபை குச்சியும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்த ஒரு மாதமாக என்னைப் பிடித்திருக்கும் வெறுப்பில் அந்த வார்த்தை பேனாவிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருந்தால் அதுவே போதும். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், இதை அவர் காதுபடச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம்.

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் லேப்டாப்பில் வீடியோ வழியாகப் பேச்சுப் பயிற்சி நடப்பது உனக்குத் தெரியும். போன மாதத்திலிருந்து ஒரு வகுப்பும் உருப்படவில்லை. பத்து நிமிடம் ஆனதும் டீச்சர் திறந்த வாயோடு அசையாமல் நிற்பார், அப்புறம் வைஃபையே போய்விடும். இணைப்புக் கம்பெனியிலிருந்து வந்த ஆள் செருப்புக் காலோடு கட்டில் மேல் ஏறி நின்று, சுவர் தடிமன்மா என்று சொல்லி, மோடத்தைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனான். அது முன்பு இருந்த மேசையை நகர்த்தினால், சீ, கரப்பான் முட்டையும் தலைமுடிச் சுருளும் ஒயரோடு ஒயராக ஒட்டிக் கிடந்தன. அடுத்து வந்த ரிப்பேர்க் கடைக்காரர் எதையோ தின்றுகொண்டே வந்து, அந்த எண்ணெய் விரலாலேயே திரையைத் தடவி, இது கிழடுமா, தூக்கிப் போட்ருங்க என்றார். அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார், அந்த மனுஷனுக்கு நாக்கில் நரம்பே இல்லை. இதில் கொடுமை என்ன தெரியுமா, லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியிருந்த, நீ பார்சலில் அனுப்பிய வைஃபை குச்சியைப் பார்த்து இது என்ன என்று இரண்டு பேருமே கேட்டார்கள். அதுல கை வைக்காதீங்க, எம் பிள்ளை அனுப்புனது, ஒசத்தியான சாமான் என்று அவர்களைத் தடுத்தது நான்தான்.

கடைசியில் சனிக்கிழமை கீழ்வீட்டுப் பெண் வந்தாள், ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். எதையும் தொடுவதற்கு முன்பே, எப்பருந்து இப்படி ஆன்ட்டி, அதுக்கு முன்னாடி புதுசா என்ன மாட்டுனீங்க என்று கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது, போன மாதம் புதிதாக மாட்டியது உன் குச்சி ஒன்றைத்தான். லேப்டாப்புக்குள் ஏற்கனவே ஒரு வைஃபை இருக்கிறதாம், உன் குச்சி இன்னொன்று, போதாததற்கு நீ சொல்லச் சொல்ல நான் ஏற்றிய அதன் மென்பொருள் வேறு. அது அடிக்கடி இதைவிட நல்ல சிக்னல் உண்டா என்று தேடக் கிளம்பி, கையில் இருப்பதை விட்டுவிடுமாம், உடனே லேப்டாப் தன்னுடையதை எழுப்பிப் பிடிக்கப் பார்க்குமாம், ஓரகத்திகள் இருவர் ஒரே கரண்டியைப் பிடித்து இழுத்தாற்போல. அவள் அந்த மென்பொருளை நீக்கி, குச்சியைப் பிடுங்கி, உள்ளே இருப்பதை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருளைப் புதுப்பித்து, ஒரு தடவை அணைத்துப் போட்டாள். அவ்வளவுதான் வேலை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒரு மெஷின் மக்கர் பண்ணியதற்கா இவ்வளவு என்று நினைக்காதே. வகுப்பு என்றாலே அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். நான் கெஞ்சினேன், கத்தவும் கத்தினேன். போன வாரம் ஒருநாள் திரையைக் காட்டி, தன் வாயைத் தொட்டு, நான் லேட்டு என்றார். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. தான் ஒரு வார்த்தை சொல்ல இத்தனை நேரம் எடுப்பதால் டீச்சர் சலித்துப்போய்த் துண்டித்துவிடுகிறார் என்று இந்த மனுஷர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். மெஷின் கோளாறுதான் என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை. நேற்றுதான் முழு வகுப்பு நடந்தது. டீச்சர் கத்தரிக்கோல் படத்தைக் காட்டினார். அப்பா தேடினார், தேடினார், நான் மேசையையே துடைத்து முடித்துவிட்டேன். டீச்சர் போகவில்லையே என்று இரண்டு தடவை திரையை உற்றுப் பார்த்தார். பிறகு கத்தரி என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு கோல் என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

உன் மேல் கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் இருக்கிறது. இனி சாமான் எதுவும் அனுப்பாதே. வேளைக்குச் சாப்பிடு, மருமகளோடு வீண்வாதம் பண்ணாதே, இருவரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வை. போன இரண்டு ஞாயிறும் நீ அப்பாவிடம் எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்டாய், பதில் வராததால் லைன் கட்டாயிருச்சு போல என்று வைத்துவிட்டாய். போனுக்கும் அந்த வைஃபைக்கும் சம்பந்தமே இல்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ வைத்த பிறகு இரண்டு தடவையும் அப்பா அந்தப் போனைப் பார்த்து, நல்லா இருக்கேன்ப்பா என்றார். இந்த ஞாயிறு வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா