கை தூக்கச் சொன்ன ஞாயிறு

சித்திரை 4, வெள்ளி
காலையிலேயே அனல். கடல்காற்று இல்லை. முழங்கால் வீக்கம்.
பேரூராட்சித் தலைவர் தேர்தலுக்கு வேட்பாளரைக் கட்சி மேலிடம் திணிக்கக் கூடாது என்று எத்தனை வருடமாகக் கத்துகிறேன்! அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரையே மாநிலம் மாநிலமாகக் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேப்பரைக் காட்டினேன். சிரித்தார்கள். இன்று கட்சிச் செயலாளர் இறங்கி வந்தார். ஞாயிறு, கல்யாண மண்டபத்தில் உறுப்பினர்கள் ஓட்டு.

சித்திரை 5, சனி
போட்டி இருவர். உப்பள முதலாளியின் மச்சான் செல்வம். அதே உப்பளத்தில் உப்பு வாரும் மல்லிகா. என் ஓட்டு மல்லிகாவுக்கு.
அவளே வந்தாள். “சீட்டுல எழுதிப் பெட்டில போட்டுக்கலாம் பெரிப்பா. எங்க ஆளுங்க எல்லாம் முதலாளிகிட்டதான் வேலை செய்யுறாங்க.”
“நாம என்ன திருடங்களா, மறைச்சுப் போட? கை தூக்கணும்.”
“பிரம்மதேசம் கிராமத்துல உங்களுக்கு சொந்த நெலம் இருக்குது. நீங்க தூக்குவீங்க.”
கோபம் வந்தது. செயலாளரிடம் சொன்னேன். “ஐயா சொன்னா சரிதான்” என்றார். அவர் என் பேச்சை உடனே ஒப்புக்கொண்டது இதுவே முதல் முறை.

சித்திரை 6, ஞாயிறு
மண்டபம் நிறைய உப்பளத்து ஆட்கள். முன்வரிசையில் முதலாளி. பக்கத்தில் கங்காணி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கூட்டத்தைப் பார்த்தபடி.
செல்வத்துக்கு மண்டபமே கை தூக்கியது.
மல்லிகாவுக்கு என் கை, அவள் கை. பின்னால் அவள் நாத்தனார் கை பாதி எழும்பியது.
“ஏம்மா, தலையில பேன் கடிக்குதா?” என்றான் கங்காணி. ஒரே சிரிப்பு. அந்தக் கை தலைக்குப் போய்ச் சொறிந்தது.
மல்லிகாவுக்குத்தான் என்று என் வீட்டில் வந்து சத்தியம் செய்தவர்கள்! கோழைகள்.
பிரியாணி. நான் சாப்பிடவில்லை.

சித்திரை 7, திங்கள்
மேகமூட்டம். மழைக்கு முன் உப்பை அள்ளிவிட, கூடுதல் ஆள் கூப்பிடுகிறார்கள். மல்லிகாவையும் நாத்தனாரையும் மட்டும் கங்காணி வரப்பிலேயே நிறுத்திவிட்டானாம். “தலைவரம்மாவுக்கு இங்க என்னா வேலை?”
மல்லிகா வீட்டுக்குப் போனேன். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றேன். உள்ளே கூப்பிடவில்லை.
“அவ்ளோ பேப்பர் படிக்கிறீங்க. நான் சொன்ன ஒரு வார்த்தை காதுல ஏறல.”
கை தூக்குவதுதான் நேர்மை. நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சித்திரை 8, செவ்வாய்
தூறல். இருவருக்கும் குயிலாப்பாளையம் விடுதியில் பாத்திரம் கழுவும் வேலையாம். பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
“அடுத்த தேர்தல்ல...” என்று ஆரம்பித்தேன்.
நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். “எங்க வூட்டுக்காரு இன்னும் அங்கதான் வேலை செய்யுறாரு. கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க சார்.”