கீழே போன வில்லை

புரோக்கன் ஹில்,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகன் கெல்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. உன் ஹோபார்ட் விலாசத்தைப் பக்கத்து வீட்டு பெரில்தான் எப்படியோ தேடிக் கொடுத்தாள். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே, மார்புச்சளி இப்போது எப்படி இருக்கிறது?

நேற்று எனக்கு எழுபது முடிந்தது. "வருஷா வருஷம் கேக்கை வெட்டிட்டு மூலையில உட்கார்ந்து அழுவியே, இந்தத் தடவை டூரிஸ்ட் மாதிரி ஊரைச் சுத்திப் பாப்போம் வாடி" என்று பெரில் இழுத்துக்கொண்டு போனாள். இங்கேயே பிறந்தவள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு சொந்த ஊரை வேடிக்கை பார்த்தேன். சிட்னியிலிருந்து வந்த கூட்டம் கடிகாரத்தை இந்த ஊர் நேரத்துக்கு அரைமணி பின்னால் திருப்ப மறந்து, சீக்கிரமே வந்து நின்றுகொண்டு நம்மூரைத் திட்டியது. சிரிப்பாக இருந்தது.

அப்புறம் உன் அப்பாவின் சுரங்கத்துக்கே போனோம். மூடிப் பல வருஷமாயிற்று, இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். பெண் கால் பட்டால் ஆகாது என்று அந்த நாளில் எங்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். நேற்று என் கையிலும் ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்து, பலகை ஆணியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கி, மேலே வந்ததும் கழற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ஆணியைப் பார்த்ததும் அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

அப்பா ஆணியும் உன் ஆணியும் பக்கத்துப் பக்கம். அன்று வேலை முடிந்து மேலே வந்தவன் ஏரிக்கு நீந்தப் போகிற அவசரத்தில் உன்னுடையதை விட்டு அவர் வில்லையைக் கழற்றிக்கொண்டு போனாய். பாறை சரிந்தபோது, அப்பா கிளாரி மேலே வந்துவிட்டார், பையன்தான் கீழே என்று பலகை சொன்னது. நாலு மணி நேரம் உன் தளத்தில் உன்னைத் தேடினார்கள். அவர் வேறு தளத்தில் கிடந்தார். அடக்கத்தன்று ஊரார் முன்னால் நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "உங்கப்பாவைக் கொன்னது பாறை இல்லடா, நீதான்." பெற்ற வாயால் சொன்னேன்.

நேற்று வழிகாட்டியாக வந்தது மெர்வ். அப்பாவைத் தூக்கி வந்தவர்களில் ஒருவன். அந்த இடம் வந்ததும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாலு மணி நேரம் மட்டும் வீணாகாம இருந்திருந்தா பிழைச்சிருப்பாரா?" என்று கேட்டேன். "முதல் கல்லுலயே போயிட்டாரு ஐவி. நாங்க பக்கத்துல நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றான். இருபத்தாறு வருஷம் ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று அவன் மார்பில் குத்தினேன். "நீ கேக்கவே இல்லையே. பையன் மேல இருந்த கோபத்துலதான் நீ எழுந்து நடமாடிட்டு இருந்த. அதையும் பிடுங்கிட்டா விழுந்துடுவியோன்னு பயந்தோம்" என்று அழுதான். மெர்வுக்குப் பொய் சொல்ல வராது, சீட்டாட்டத்தில்கூட முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

நீ யாரையும் கொல்லவில்லை, கண்ணே. உன்னைத் துரத்தியது நான். உனக்கு இப்போது நாற்பத்தெட்டு. நரை விழுந்திருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது. இந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

மேலே வந்ததும் எல்லோரும் வில்லையைக் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை. "வில்லை தொங்கினா ஆளு இன்னும் கீழதான்னு அர்த்தம், எடுத்துடு ஐவி" என்று மெர்வ் கெஞ்சினான். ஆமாம், கீழேதான் இருக்கிறேன் என்றேன். அவன் அதன்மேல் சுண்ணக்கட்டியால் ட்ரெலோர் என்று நம் குடும்பப் பெயரை எழுதிவிட்டுப் போனான்.

அது அங்கேயே தொங்குகிறது. அடுத்தவர் வில்லையைத் தொடக்கூடாது என்பது சுரங்கத்துச் சட்டம், எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒரு தடவை, ராசா, நீ வந்து உன் கையால் அதைக் கழற்று. நான் மேலே வந்துவிடுகிறேன்.

கடவுள் உன் மார்பைச் சளி அண்டாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
ஐவி