கோல் செல்லுமா என்று பார்க்கிற நேரம்

தார்ப்பாய் லோடு இன்று காலை வந்து இறங்கியது. கடையிலிருந்து புதுப் பிளாஸ்டிக் நாற்றம் பின்கட்டு வரைக்கும் வந்து, அடுப்படியில் நின்ற என் மூக்கில் ஏறியது. உங்களுக்கு அது நாற்றமே இல்லை. "வந்துருச்சு நூரு, சீசன் வந்துருச்சு" என்பீர்கள். ஆடி போய் ஆவணி வந்தால் உப்பளத்துக்காரர்கள் மழைக்குப் பயந்து அம்பாரத்தை மூடத் தார்ப்பாய் தேடி வருவார்கள். அதே மாதத்தில்தான் இங்கிலாந்துக்காரனும் கால்பந்தை உருட்ட ஆரம்பிப்பான். நீங்கள் சொன்னது எந்த சீசனை என்று கேட்டால் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பியதில்லை.

நான் எதைத்தான் நம்பினேன்? நீங்கள் துபாயில் இருந்த காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போனை எடுக்கவே மாட்டீர்கள். மணி அடித்து அடித்து ஓயும். பிறகு நீங்களே கூப்பிட்டு, "மேட்ச் பாத்துட்டிருந்தேன்" என்பீர்கள். ஒரு மனுஷன் வாரம் தவறாமல் பந்தையா பார்ப்பான்? அங்கே வேறு குடித்தனம் இருக்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். என் தம்பி அதே ஊருக்கு வேலைக்குப் போனபோது, விமானம் ஏறும் முன்பே காதில் ஓதி அனுப்பினேன். போன வேகத்தில் கூப்பிட்டான். "அக்கா, மச்சான் ரூம்ல எல்லாரோடயும் உக்காந்து பந்தாட்டம்தான் பாக்குறாரு. கேரளாக்காரன் ஒருத்தன் அவருக்கு ஏதோ ஒரு இங்கிலாந்து டீமைப் புடிச்சுக் குடுத்துட்டான்" என்றான். எனக்குத் தம்பி மேலும் சந்தேகம் வந்தது. மச்சான் என்ன வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தாரோ என்று நினைத்தேன்.

மரக்காணத்துக்கே திரும்பி வந்து கடை போட்ட பிறகும் சனிக்கிழமை மாறவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். உண்மையிலேயே பந்துதான் பார்க்கிறீர்களா என்று கண்காணிக்க, கீரையை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்படித்தான் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் நம் டீம், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, மேல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. பணக்கார டீம் இல்லை. ஏதோ ஒரு துறைமுக ஊர். ஆடும்போதே மைதானத்துக்கு மேலே கடற்காகம் பறக்கும். கோல்கீப்பர் உதைத்த பந்து பாதியில் காற்றில் திரும்பினால், "நம்ம ஊரு காத்து மாதிரியே இருக்குது பாரு" என்பீர்கள். வருஷக் கடைசியில் இருபது டீமில் அடியில் கிடக்கும் மூன்றைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஏறின வருஷமே இவர்கள் இறங்கிவிடுவார்கள் என்று டிவியில் கோட்டுப் போட்ட ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள். "நிக்கும் நூரு. கப்பு யாருக்கு வேணும்? இந்த வருஷம் நின்னுட்டா போதும்" என்றீர்கள். நிற்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று ஒருவர் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல் மேட்சிலேயே பெரிய டீம் ஒன்றை ஜெயித்தார்கள். நீங்கள் எழுந்து நின்று கத்தினீர்கள். "அவனுங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ. இல்லன்னா இவனுங்ககிட்டயா தோப்பானுங்க?" என்றேன். மழைக்காலம் முழுவதும் இப்படித்தான் போனது. நம் கோல்கீப்பர் முழிக்கிற முழியே சரியில்லை என்பேன். கொஞ்ச நேரத்தில் பந்து அவன் கால் நடுவே புகுந்து போகும். "தண்ணியில தடம் புடிக்கிறவ நீ" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சரிபார்க்கிற வேலைதான். கோல் விழுந்துவிடும். ஜனங்கள் கட்டிப்பிடித்துக் குதிப்பார்கள். ரெஃப்ரி மட்டும் காதில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கோல் செல்லுமா செல்லாதா என்று அவருக்குச் சொல்வார்கள். உங்களுக்கு அது அறவே ஆகாது. "மனுஷனை நிம்மதியா சந்தோஷப்பட உடுறானுங்களா?" என்று திட்டுவீர்கள். எனக்கோ, படித்தவர்கள் நாலு பேர் கூடி என்னைப் போலவே யோசித்திருக்கிறார்களே என்று பெருமை. "உன்னை அந்த ரூம்ல உக்கார வெச்சா உலகத்துல ஒரு கோலும் செல்லாது" என்றீர்கள். அன்றைக்குச் சேர்ந்து சிரித்தோம்.

தை பிறந்து, உப்பளத்தில் பாத்தி மிதிக்க ஆரம்பித்திருந்தார்கள். நம் டீம் சறுக்கத் தொடங்கியிருந்தது. அன்றைய ஆட்டம் கடைசி வரை சமமாகவே போனது. முடிகிற நேரத்தில் நம் ஆள் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். நீங்கள் கத்தவில்லை. ரெஃப்ரி காதில் கை வைத்தார். நீங்கள் நெஞ்சில் கை வைத்திருந்தீர்கள்.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, வாயு. மத்தியானம் தின்ன மொச்சைக்கொட்டை."

திரையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள், நம் ஆளின் தோள் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று. நான் அந்தக் கோட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்களை நம்பிவிட்டேன். உங்களோடு வாழ்ந்த அத்தனை வருஷத்தில் மறுகேள்வி கேட்காமல் நான் நம்பியது அந்த மொச்சைக்கொட்டை ஒன்றைத்தான்.

கோல் செல்லும் என்றார்கள். "பாத்தியா? நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனீர்கள். அன்று ராத்திரி உங்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் பறந்த ஆம்புலன்ஸ் காலாப்பட்டைக்கூடத் தாண்டவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் எதிர்க்கடை மெடிக்கல்காரர் நம் மகன் ரியாஸைப் பார்க்க வந்தார். திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு வாரமா வந்து வாயு மாத்திரை கேட்டாருப்பா. நெஞ்சுன்னா சும்மா உடாதீங்க பாய், ஈசிஜி எடுத்துடுங்கன்னு சொன்னேன். சனிக்கிழமை மேட்ச் முடியட்டும், வீட்ல சொல்லிடாதீங்கன்னாரு." உள்ளுக்குள் எனக்கு எரிந்தது. துபாயில் குடித்தனம் எதுவும் இல்லை. நீங்கள் என்னிடம் மறைத்தது இதைத்தான். நான் பயப்படுவேன் என்று மறைத்தீர்களா, அல்லது உங்களுக்கே பயமாக இருந்ததா? இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு இத்தா. புருஷன் மௌத்தானவள் நாலு மாசத்துக்கு மேல் வாசல் தாண்டாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம். உங்கள் அக்கா டிவிமேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார். சனிக்கிழமைதோறும் ரியாஸ் கடையைச் சாத்திவிட்டு வந்து, நான் கேட்காமலே, "ஜெயிச்சிட்டாங்கம்மா" என்பான். அடுத்த வாரமும் ஜெயிப்பார்கள். அதற்கடுத்த வாரமும். நீங்கள் இருந்தவரை தட்டுத்தடுமாறிய டீம், நீங்கள் போனதும் இப்படி வெளுத்து வாங்குகிறதா? எனக்கு அது உறுத்தியது.

"யார்றா கோல் போட்டது?" என்று ஒருநாள் பிடித்தேன்.

"அந்த நெட்டையன்தாம்மா. சூப்பர் கோலு."

மழைக்காலத்திலேயே அந்த நெட்டையனுக்குக் கால் உடைந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நீங்களும் நானும்தானே பார்த்தோம்? இந்த சீசனில் இனி வரமாட்டான் என்று நீங்கள் அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறியா?" என்றேன்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "வரிசையா தோத்துக்கினு இருக்காங்கம்மா. அத்தாவோட எல்லாமே போச்சின்னு நீ நெனச்சிடுவியேன்னுதான்…"

"தோத்தா தோத்துட்டாங்கன்னு சொல்லு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு ஒண்ணையாவது நேரா சொல்ல வருதா?"

நான் கத்தியது அவனை மட்டும் இல்லை. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு நேராகச் சொன்னான். தோல்வி, சமம், தோல்வி. கடைசியில் ஒரே ஒரு மேட்ச் மிஞ்சியது. ஜெயித்தால் மேலே நிற்கலாம், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். என் இத்தாவும் அந்த வாரம்தான் முடிந்தது. டிவிமேல் கிடந்த துணியை நானே எடுத்தேன்.

அந்த வாரம் பார்த்துக் கடலில் காற்றழுத்தம் என்றார்கள். கோடை உப்பு முழுவதும் அம்பாரமாகக் கிடக்கிறது. உப்பளத்து ஜனம் தார்ப்பாய்க்கு ஓடி வந்தது. பெருமுக்கல் பக்கமிருந்து நெல் காயப்போட்டவர்களும் வந்து நின்றார்கள். ரியாஸ் ஒண்டியாகக் கட்டுக் கட்டாகத் தூக்கிப் போட்டான். அந்த அலுப்போடுதான் என் பக்கத்தில் மேட்ச் பார்க்க உட்கார்ந்தான்.

ஆட்டம் சமமாகவே போனது. முடிகிற நேரத்தில் நம் டீம் கோல் போட்டது. மைதானமே எழுந்து நின்றது. ரெஃப்ரி காதில் கை வைத்தார். யா அல்லாஹ், இந்த ஒரு கோலை மட்டும் சரிபார்க்காமல் விட்டுவிடட்டும் என்று முதல் தடவையாக துஆ கேட்டேன். பக்கத்தில் ரியாஸ் இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லம்மா, தார்ப்பாய் தூக்கினது."

டிவியை அணைத்தேன்.

"யம்மா! என்னம்மா பண்றே? செல்லுமான்னு பாக்குறாங்கம்மா!"

"பாக்கட்டும். நீ எழுந்திரு."

இத்தா முடிந்து நான் வாசல் தாண்டிய முதல் பயணம், உங்கள் மகனை ஆட்டோவில் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதுதான். அங்கிருந்த டாக்டர் பெண் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தசைப்பிடிப்புதாம்மா, ஒண்ணுமில்ல" என்றாள். "ஒண்ணுமில்லன்னு நீ சொல்லாத தாயி, ஈசிஜி சொல்லட்டும்" என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் எடுக்கச் சொன்னேன். அதுவும் நன்றாக இருந்தது.

திரும்பி வருகையில் ஆட்டோவில் ரியாஸ் போனைத் திறந்து பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. "ஆஃப்சைடாம்மா. செல்லாதுன்னுட்டாங்க. இறங்கிட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு வருஷமா பாத்து, கடைசி நிமிஷத்தைப் பாக்க உடாம பண்ணிட்டல்ல?" என்றான். ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைப்பான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான்.

நீங்கள் ஆசைப்பட்ட டீம் நிற்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் சந்தேகப்பட்டதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, உங்களிடமும்தான். இனி இந்த வீட்டில் யார் "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அந்த ஒரு வாரமும் அவன் கோபத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியே உங்கள் முகம். அன்றைக்கு அந்தக் கோல் செல்லுமா என்று பார்க்கிற நேரத்தில் உங்களையும் இழுத்துக்கொண்டு போயிருந்தால், நீங்களும் இப்படித்தான் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்திருப்பீர்கள். இருந்திருப்பீர்கள்.