ஜோதி எழுதிக்கொடுத்த சொந்தக் காரணம்

ஸ்ரீரங்கம்,
புரட்டாசி கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஜோதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை குழலி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று ரெங்கநாதரையும் மலைக்கோட்டைத் தாயுமானவரையும் கும்பிட்டுவிட்டு, உன்னைத் திட்டுவதற்காக இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். கோபத்தில் எனக்குக் கை ஓடவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் குழலி. நான் பேசுகிறபடியே எழுதினால் நன்றாக இருக்காது என்று அவளாகவே திருத்தித் திருத்தி எழுதுகிறாள். நடுவில் தன் பங்குக்கும் எதையாவது நுழைப்பாள், அவள் சரக்கு எதுவானாலும் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். (அக்கா, நான்தான். அம்மா இதுவரை சொன்னதில் சில வார்த்தைகளை நான் எழுதவில்லை.) போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நான் குரலை உயர்த்தினால் நீ கட் பண்ணிவிடுகிறாய், காகிதத்தைக் கட் பண்ண முடியாது. அதோடு, பேசியது காற்றோடு போய்விடும், எழுதியதுதான் பின்னால் வருகிறவர்களுக்கு மிஞ்சும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். மிஞ்சட்டும். ஒரு தாய் தன் மகளை எப்படித் திட்டினாள் என்று பின்னால் யாராவது ஆராய்ச்சி செய்யட்டும்.

போன வாரம் நீ டெல்லியிலிருந்து கூப்பிட்டு, பல்கலைக்கழகத்தில் எங்கள் தகவல் தொடர்பு வரலாற்று மையத்தை மூடப்போகிறார்கள் அம்மா, உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள், நான் பிஎச்.டி.யை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். அன்றைக்கு எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. உன் அப்பாவுக்கு அதுவும் வரவில்லை. "வரட்டுமே, புள்ள நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் விட்டு வந்ததும் வராததுமாக மாடி அறைக்கு ஏறிக் கொசுவலை கட்ட ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அடியும் என் மண்டையில் விழுகிறது. அரசாங்கம் ஒரு பெண்ணை நடுவழியில் இறக்கிவிட்டதற்கு இந்த மனிதர் கொசுவலை கட்டுகிறார். கேட்டால், "நான் என்னடி செய்ய முடியும், டெல்லிக்குப் போயி ஆணி அடிக்கவா" என்கிறார்.

அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் கே.கே. நகரிலிருந்து உன் மாமா சரவணன் லட்டு டப்பாவோடு வந்தான். துக்கத்துக்கு லட்டு கொண்டுவந்தவனை இப்போதுதான் பார்க்கிறேன். "விடுக்கா, நல்லதாப் போச்சு. தந்தியும் செத்துப் போச்சு, ட்ரங்க் காலும் செத்துப் போச்சு. செத்ததைப் படிக்கிறதுக்கெல்லாம் கவர்மென்ட்டு எதுக்கு காசு குடுக்கணும்? நாம கட்டுற வரிக்கா அது" என்றான். அப்படியானால் பெரிய கோயில் மதிலில் கல்வெட்டுப் படிக்கிறார்களே, வெட்டினவன் எவன் உயிரோடு இருக்கிறான், அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். "அது சாமி விஷயம்க்கா" என்றான். யார் நிலம் கொடுத்தான், யார் விளக்கு வைத்தான், அந்தச் செய்தியை ஊருக்கு எப்படிச் சொன்னான் என்பதுதானடா அந்தக் கல்லில் இருக்கிறது, என் மகள் பழைய தந்தியிலும் போனிலும் தேடுவதும் அதைத்தான் என்றேன். அதற்கும் அவன் வாயை மூடவில்லை. நீ அரசு பாலிடெக்னிக்கில் படித்து அரசு விடுதியில் சோறு தின்றாயே, அது யார் கட்டின வரி என்று கேட்ட பிறகுதான், "அப்போ காலம் வேறக்கா" என்று முனகினான். காலமெல்லாம் வேறாகவில்லை, இவன் வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். சோப்பு வாங்கினாலும் பிஸ்கட் வாங்கினாலும் நானும்தான் வரி கட்டுகிறேன். அதில் என் பெண்ணுக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டால் நாடு முழுகிவிடுமா? போகும்போது, அவன் நண்பன் ஒருவன் கோச்சிங் சென்டர் வைத்திருக்கிறானாம், அங்கே இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' சொல்லிக்கொடுக்க உன்னைக் கூப்பிடுகிறானாம், டை கட்டிக்கொண்டு வந்த பையனுக்குக் கை குலுக்கச் சொல்லித்தர வேண்டுமாம். லட்டைத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். (மாமா லட்டை எடுத்துப் போகவில்லை. நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். அம்மாவும் சாப்பிட்டாள்.)

சரவணனைக்கூட நான் பார்த்துக்கொள்வேன். எக்ஸ்சேஞ்சில் இருந்த சகாயராணி அக்காவை எப்படிப் பார்ப்பது? நீ போன கோடையில் வந்து, வெளியூர் போனுக்கு இணைப்புக் கொடுத்த பழைய ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த பெண்களையெல்லாம் தேடிப் பிடித்துப் பேச வைத்தாயே, அவர்கள் வீட்டுக்கெல்லாம் உன்னைக் கூட்டிப்போனவள் நான். என் மகள் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், நீங்கள் சொல்வதெல்லாம் வரலாற்றில் ஏறும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள் நான். அதில் மேலப்புதூர் அம்மா ஆடி மாதம் காலமாகிவிட்டார், அவர் குரல் இன்றைக்கு அவர் பெற்ற பிள்ளைகளிடம்கூட இல்லை, உங்கள் மையத்து கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. விஷயத்தை நானே போய்ச் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று வியாழக்கிழமை குழலியையும் அழைத்துக்கொண்டு, புரட்டாசிக் கூட்டத்தில் பஸ்ஸில் தொங்காத குறையாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் மாறிப் புத்தூர் போனேன். சகாயராணி அக்கா கேட்டுவிட்டு அழுவார் என்று நினைத்தேன். "ஏன் மயிலு, என் மாமியா என்னைய ராத்திரி ஷிப்டுக்கு அனுப்ப மாட்டேன்னு கதவைச் சாத்துனதெல்லாம் சொன்னேனே, அதைக் கேக்க வச்சிட்டு இப்ப கடையைச் சாத்திட்டாங்களா? நம்பர் குடு" என்றார். எந்த நம்பர் என்றேன். "அந்த யுனிவர்சிட்டி நம்பர்தான், வேற எது?" என்றார்.

அதன் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். (பல்கலைக்கழக இணையதளத்தில் நம்பரைத் தேடி எடுத்தது நான்.) அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள் பாலக்கரையிலிருந்தும் உறையூரிலிருந்தும் வந்துவிட்டார்கள். சகாயராணி அக்கா போனைக் கையில் எடுத்ததும் குரலே மாறிவிட்டது, அப்படி ஒரு வழவழப்பான இங்கிலீஷ். யார் பேசுவது என்று அந்தப் பக்கம் கேட்டால் பெயரைச் சொல்லவில்லை, எக்ஸ்சேஞ்ச் பழக்கத்தில் "ட்ரிச்சி" என்று மட்டும் சொன்னார். ஏதோ பெரிய அலுவலகம் என்று நினைத்து அவர்களும் லைனில் இருக்கச் சொன்னார்கள். இருக்கச் சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள். நானாக இருந்தால் போனைக் கட் பண்ணியிருப்பேன். "ஹோல்டு போடச் சொன்னவன் மறக்கலாம், ஹோல்டுல இருக்கறவ மறக்கக் கூடாது" என்று அக்கா அசையவில்லை. மத்தியானம் அவருக்குச் சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும். நான் கை நீட்டினேன், தரவில்லை. பாலக்கரை தஹ்ஸீன் அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போன் அவர் காதுக்குப் போன பிறகுதான் இவர் எழுந்தார். எக்ஸ்சேஞ்சில் அதுதான் முறையாம். மாற்றுகிறவள் வந்து உட்கார்ந்து தன் ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளும் வரை இருக்கிறவள் எழுந்திருக்கவே கூடாதாம், வீட்டில் இழவே விழுந்தாலும் இணைப்புக் கொடுக்கும் போர்டு ஆளில்லாமல் இருக்கக் கூடாதாம். இதைச் சொல்லிவிட்டு, சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்து, "உன் பொண்ணு யாரை உக்கார வச்சிட்டு எந்திரிக்கிறாளாம்?" என்று கேட்டார். நான் ரசத்தை எடுத்துக்கொண்டுவரப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் ஆகும்போது ஒரு குமாஸ்தா லைனுக்கு வந்தார். தஹ்ஸீன் அக்கா அவரிடம் உருதுவில் பேச ஆரம்பித்தார், அவர் ஹிந்தியில் பதில் சொல்ல, இவர் அவர் பிள்ளைகள் பெயர்வரைக்கும் கேட்டுவிட்டார். பிறகு முகம் மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மயிலு, மையத்தை அவங்க மூடலையாம். அங்க படிக்க ஆளே இல்லையாம். எல்லாப் பசங்களும் சொந்தக் காரணத்துக்காக விலகுறோம்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். உன் மகளும்தான்" என்றார்.

ஊருக்கு வரலாமா என்று கேட்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீ எழுதியே கொடுத்துவிட்டாயா? அதுவும் சொந்தக் காரணம் என்று! நம் வீட்டில் என்னடி சொந்தக் காரணம்? அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாரா? உனக்கு முகூர்த்தம் குறித்திருக்கிறோமா? நான் செத்துப்போனேனா? பணத்தை நிறுத்தினது அவர்கள், மூடப்போகிறோம் என்று சொன்னது அவர்கள், காரணம் மட்டும் உன்னுடையதா? அவர்கள் பிடுங்கினார்கள் என்றால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். நீயாகக் கொடுத்துவிட்டுப் போனாய் என்றால் யார் கேட்பார்கள்? யாரோ ஒரு அதிகாரி, சண்டை வேண்டாம் அம்மா, இப்படி எழுதிக் கொடுத்தால் உன் சர்டிபிகேட்டெல்லாம் சீக்கிரம் கிடைக்கும் என்று இனிப்பாகப் பேசியிருப்பார், நீ தலையாட்டியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் ரேஷன் கடையில் எடையைக் குறைத்துப் போட்டாலும் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வருவாய். அவர்கள் செய்தது அநியாயம், ஆனால் அந்த அநியாயத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் என் மகள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊரில் எத்தனையோ வீட்டில் அப்பன் நிலத்தை விற்றுப் படிக்க வைக்கிறான், மாமன் தயவில் படிக்க வைக்கிறான், ஆயுசு முழுக்க அந்தப் பிள்ளை தலை குனிந்து நிற்கிறது. அரசாங்கப் பணத்தில் படிக்கிறவள் ஒருத்தர் முன்னாலும் குனிய வேண்டியதில்லை, வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். அதனால்தான் உனக்கு அது கிடைத்தபோது நான் தெரு முழுக்கச் சொன்னேன். இப்போது சரவணன் லட்டு கொடுக்கும் நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறாய்.

(அக்கா, அம்மா முகம் கழுவப் போயிருக்கிறாள். நான் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிளஸ் ஒன்னில் வரலாறு எடுத்தது உனக்குத் தெரியும். இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு ஏன் இந்த குரூப் என்று வகுப்பில் எல்லோரும் கேட்டார்கள். என் அக்கா போன் எக்ஸ்சேஞ்ச் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள், அதற்கு அரசாங்கமே உதவித்தொகை கொடுக்கிறது, நானும் அப்படித்தான் படிப்பேன் என்று எழுந்து நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அதை நான் கவனித்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். புத்தூரிலிருந்து வரும்போது பஸ்ஸில் காவிரிப் பாலம் வந்தபோது அம்மா எப்போதும் கும்பிடுவாளே, அன்றைக்குக் கும்பிடவில்லை. ஸ்கூல் திறந்ததும் என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுதி அனுப்பு. உண்மையாக இருக்க வேண்டும்.)

வந்துவிட்டேன். இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். தஹ்ஸீன் அக்கா போனை வைப்பதற்கு முன்னால் அந்த குமாஸ்தாவிடம் இன்னொன்றும் வாங்கிவிட்டார். தீபாவளி லீவு முடிந்துதான் இந்த மனுக்களை ஏற்கிற கமிட்டி உட்காருமாம், அதுவரைக்கும் விலகல் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லுமாம், கமிட்டி கையெழுத்துப் போட்ட பிறகு கடவுளே வந்தாலும் செல்லாதாம். ஒரே ஒரு ஆள் மிச்சம் இருந்தாலும் ஆளில்லை என்று எழுதி மூட முடியாதாம். ஆகவே நாளைக்கே போ. கூட எழுதிக் கொடுத்த பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போ, அவர்கள் வராவிட்டால் நீ மட்டும் போ. உதவித்தொகையை நிறுத்தியதால்தான் அப்படி எழுதினேன், சொந்தக் காரணம் எதுவும் இல்லை, நின்றதைக் கொடுங்கள் என்று எழுது. அது வரும்வரை சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் நாங்கள் அனுப்புகிறோம். நாங்கள் அனுப்புவது பிள்ளைக்குச் சோறு, அவர்கள் தர வேண்டியது உன் உழைப்புக்கு ஊதியம், இரண்டும் ஒன்றென்று அவர்களையும் நினைக்க விடாதே, நீயும் நினைக்காதே. கூட யாரும் வரமாட்டார்கள், அதிகாரிகள் பணம் கொடுக்கமாட்டார்கள், கடைசியில் மூடித்தான் விடுவார்கள் என்று சொல்வாய். மூடட்டும். மூடினோம் என்று அவர்கள் கைப்பட எழுதட்டும்.

அப்பாவிடம் மாடியில் ஆணி அடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு, "ஏன், புள்ள லீவுக்கு வந்தா கொசு கடிக்கட்டுமா?" என்றார். அதுவும் நியாயம்தான், லீவுக்கு வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, திரும்பிப் போகிற டிக்கெட்டோடு வா. குளிர் ஆரம்பிக்கும் முன்னால் ஸ்வெட்டரை வெயிலில் போடு, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. குழலி இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புவாள், காகிதம் ஸ்பீட் போஸ்டில் பின்னால் வரும். எல்லாத் தெய்வமும் உன் பக்கம் நிற்கட்டும், தீர்க்காயுசாக இரு, படிப்பு உன் கையில் நிலைக்கட்டும். கடைசியாக ஒன்று. திரும்பப் பெறுவதற்கும் சொந்தக் காரணம் ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்று அந்த அதிகாரி அடம்பிடித்தால், 'என் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கொடு.

இப்படிக்கு,
ஒப்புக்கொள்ளாத உன் அம்மா
வீ. மயிலம்மாள்

(கையெழுத்தை மட்டும் அம்மா தானே போட்டாள்.)