திரையில் இல்லாத கேள்வி

மேட்டுப்பாளையம்,
ஞாயிறு காலை.

மஸ்கட் மாநகரையே தோளில் தாங்கி நிற்கும் மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் மயில்சாமி மலையளவு மகிழ்ச்சியோடு எழுதுவது. என் தங்கை, அதாவது உங்கள் வீட்டம்மாள், நலம். கால்வலிதான் விடவில்லை. மாத்திரை சாப்பிடச் சொன்னால், என்னையே சாப்பிடச் சொல்கிறாள்.

உங்கள் மகள் இளவேனில் பீளமேட்டுப் பம்பு கம்பெனியில் பயிற்சியில் இருப்பது தெரிந்ததே. விவசாயிகள் போனில் மோட்டார் கோளாறைச் சொல்வார்கள். இவள் கம்ப்யூட்டரில் தட்டி, ஏஐ தரும் பதிலை வாசிக்க வேண்டும். ஆறு மாதம் தப்பில்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம், இல்லையேல் வீடு.

பிள்ளை ஏஐயைக் கேட்காமல் மூச்சு விடுவதில்லை. தயிர் புளித்ததா என்பதைக்கூட மூக்கைக் கேட்காமல் செல்லைக் கேட்கிறாள். நானும் அதற்கு அடிமைதான். பாக்கு மட்டையில் யானைக்குச் செருப்பு செய்து விற்கலாமா என்று கேட்டேன். அருமையான யோசனை என்றது. ஐம்பத்தெட்டு வருடத்தில் நம் குடும்பத்தில் எவரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. எனக்குப் புகழ்ச்சி வேண்டியிருக்கிறது, அவளுக்குத் தைரியம்.

வியாழன் மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சத்தியமங்கலத்திலிருந்து நரசிம்மலு என்ற வாழைத்தோட்டக்காரர் அழைத்தார். அவர் போட்ட சத்தம் பவானிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். மோட்டார் போட்டதும் நின்றுவிடுகிறது, மூன்று நாளாக வாழைக்குத் தண்ணீர் இல்லை என்றார். மோட்டாருக்குள் கம்பிச்சுருள் கருகிவிட்டது, மோட்டாரை வெளியே எடுக்கவும் என்றது ஏஐ. நானூறு அடி ஆழ்துளைக் கிணறு!

வாசிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏனுங்க, டூ பேஸ்ல கப்பாசிட்டர் போட்டு ஓட்டுனீங்களா?"

அவர் பேச்சை வாழைக்குலைப் பக்கம் திருப்பினார். மும்முனை மின்சாரம் இல்லாமல் இரண்டு முனை மட்டும் வரும் நேரத்தில், கப்பாசிட்டர் டப்பாவை மாட்டி மோட்டாரை ஏமாற்றித்தான் நம் பக்கம் பாதித் தோட்டம் ஓடுகிறது. வாரண்டி போய்விடுமே, கம்பெனியிடம் யார் ஒப்புக்கொள்வார்? கடைசியில் ஆமாங்க அம்மணி என்று இழுத்தார். எவரும் சொல்லாததை ஏஐ எங்கே அறியும்? மஸ்கட் போகுமுன் நீங்கள் மெக்கானிக்காக மோட்டார் இறக்கிய தோட்டமெல்லாம் பள்ளி விடுமுறையில் ஸ்பேனர் தூக்கி வந்தவளுக்குத் தெரிந்திருந்தது.

மேலாளர் சாய்சரண் பின்னால் வந்து நின்றார். திரையில் இருப்பதைப் படி, மாற்றிச் சொல்லித் தப்பானால் வேலை இருக்காது என்றார். இவள் திரையைப் பார்க்காமல் போனில் சொன்னாள்.

"மோட்டாரை எடுக்காதீங்க. த்ரீ பேஸ் வந்தும் அந்தக் கப்பாசிட்டர் லைன்லயே கிடக்குதுங்க, அதான் நின்னுபோகுது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைக் கழட்டிப்போட்டு ஓட்டிப் பாருங்க."

நாலு மணிக்கு நரசிம்மலு மறுபடி அழைத்து, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். சாய்சரண் அந்தக் கேள்வியை ஏஐயில் சேர்க்கச் சொன்னார். மறுநாளே வேலை நிரந்தரம். இனி உலகத்து ஏஐக்கெல்லாம் நம் பிள்ளைதான் வாத்தியார்.

ஆனால் மாப்பிள்ளை, வியாழன் சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டது ஒன்றுதான். அப்பா பக்கத்தில் இருந்திருந்தால், அந்த நாளில் சொன்ன மாதிரியே, உனக்கென்ன தெரியும், தள்ளி நில்லு என்றிருப்பாரா மாமா என்றாள். இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டேன். நான் அளந்த பொய்களில் இதுதான் சின்னது. இதை மட்டும் நீங்கள் மெய்யாக்கித் தர வேண்டும். வாழ்த்தை எந்த மிஷினிடமும் எழுதி வாங்காதீர்கள். நீங்களே கூப்பிட்டு, திக்கித் திணறியாவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை செல்லை மடியிலேயே வைத்திருக்கிறாள்.

உங்கள்,
மயில்சாமி