பேர் வெட்டிய தட்டு

காலையில் வாழை இலை அறுத்தேன். கையெல்லாம் கறை. முகர்ந்தால் உன் வாசம். காய்ச்சல் என்று பஸ் ஏறி, மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வராமலே போய் மூன்று மாதமாகிறது. நம் பால்வாடிக்கு இன்னும் வேறு ஆயா போடவில்லை. பாட்டுச் சொல்வதும் நானே, பருப்பு வேகவைப்பதும் நானே. பேச்சுத்துணை இல்லாமல் சோறு வடிப்பது எத்தனை கொடுமை என்று உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வேன்?

முன்பெல்லாம் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கும். சுத்தத்துக்காக என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. ரோடு வேலைக்காக அடிவாரத்திலிருந்து வந்து தங்கிய குடும்பத்துக் குழந்தை மல்லிகா சேர்ந்த அன்றுதான் சங்கதி தெரிந்தது. "அந்தப் புள்ள தட்டைத் தனியாக் கழுவுங்க" என்று இரண்டு தாய்மார்கள் வாசலில் நின்று சொன்னார்கள். சாதிதான், வேறென்ன? நானும் தலையாட்டிவிட்டு மல்லிகாவைக் கதவோரம் உட்கார வைத்தேன். நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

நீயோ மறுநாள் எல்லாத் தட்டுகளையும் சாக்கில் போட்டு வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இலை அறுத்து வந்தாய்.

"ஏன்டி இந்த வம்பு?" என்றேன்.

"தட்டுலதானுங்க டீச்சர் பேரு இருக்குது. இலையில எதைத் தேடுவாங்க?" என்று சிரித்தாய். உன் மகளைக் கூட்டி வந்து மல்லிகாவின் பக்கத்தில் உட்கார வைத்தாய்.

அடுத்த மூன்று நாள் அவர்கள் இருவரைத் தவிர ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை வராவிட்டால் பால்வாடியையே மூடிவிடுவார்களே என்று அழுதேன். வழிமறித்துக் கேட்டவர்களிடம், "எனக்கொண்ணும் தெரியாதுங்க, எல்லாம் ஆயா பண்ணுனது" என்று சொல்லித் தப்பித்தேன். அது உன் காதுக்கும் வந்தது.

"உடுங்க டீச்சர், என்னைய வைஞ்சா எனக்கு ஒறைக்காது" என்றாய். அவ்வளவுதான்.

நான்காம் நாள் முட்டை நாள். வராத பிள்ளைகளுக்கும் இலை போட்டு, இலைக்கொரு முட்டை வைத்துக் கதவைத் திறந்துவிட்டாய். பிள்ளைகளுக்கு முட்டை நாள் மறக்குமா? குச்சிக்கிழங்குக் காட்டுப் பாதையில் ஒவ்வொன்றாய் ஓடி வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தன. மல்லிகாவை ஒட்டியும்தான். துரத்தி வந்த தாய்மார்களுக்கு, வாய் நிறைய முட்டையோடு இருக்கும் பிள்ளையை இழுக்க மனம் வரவில்லை.

"தின்னு முடிக்கட்டும், அப்பறமா என்னைய வைங்க" என்றாய். வைதார்கள். ஆனால் மறுநாளும் பிள்ளைகள் வந்தன.

இன்று ஒரு தாய் புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வந்தாள். பையிலிருந்து பேர் வெட்டிய தட்டை எடுத்து நீட்டினாள்.

"இங்க இலைதானுங்க. எல்லாப் புள்ளைகளும் கலந்துதான் உட்காரும்" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. "அந்தச் செத்துப்போன ஆயா பண்ணி வெச்ச பழக்கமுங்களா?"

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. உன்னிடம் பொய் சொல்வானேன்?

"இல்லீங்க. நான்தான் சொல்றேன். வையறதுன்னா என்னைய வைங்க" என்றேன்.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள். நீ சிரிக்கிறாயா என்று அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. நீ இலை அறுக்கும் கத்தி மட்டும் சுவரோரம் கிடந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இலை அறுக்கப் போகிறேன்.