தெரமினுக்குப் பக்கத்து நாற்காலி

போன வாரம் உன் தெரமினைத் திறந்துவிட்டேன். மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து சால்டரிங் பசையின் வாசனை வந்தது. நீ வேலை செய்த நாட்களில் வீடெல்லாம் இருந்த அதே வாசனை. நீ சுற்றிய சுருளில் கொஞ்சம் கம்பியை வெட்டி எடுத்துவிடலாம் என்றுதான் திறந்தேன். கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, தெரமின் என்று தொடாமலே வாசிக்கிற கருவி ஒன்றைச் செய்யப்போவதாகச் சொன்னாய். நான் கணபதிப் பகுதியில் மோட்டார் வைண்டிங் கம்பி விற்கிறவன். கையில் எடுத்துப் பார்க்காத எதையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் நீ செய்தே விட்டாய். மரப்பெட்டிக்கு வலது பக்கம் நெட்டையாக ஒரு கம்பி, இடது பக்கம் ஒரு வளையம். கம்பியை நோக்கிக் கை போகப் போக ஸ்வரம் ஏறும். வளையத்தின் மேல் கை இறங்க இறங்கச் சத்தம் அடங்கும். முதல் நாள் அது போட்ட ஊளைக்குத் தெரு நாய்கள் பதில் கொடுத்தன.

"ஏனுங்க, சிரிக்காதீங்க," என்றாய், நீயும் சிரித்துக்கொண்டே.

நம் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்த ஒரு மெட்டை வாசிக்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை. எனக்கு அந்த மெட்டே நினைவில்லை. உனக்கு இருந்தது, கைக்குத்தான் அகப்படவில்லை. தள்ளி நின்றால் ஸ்வரங்கள் காடு தோட்டம் போல விலகிக் கிடந்தன. கம்பியின் கிட்டே போனாலோ டவுன் பஸ்சில் நிற்பதுபோல நெருக்கியடித்தன.

"நெட்டக் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு பெரிய சுருளச் சேத்தா எல்லா ஸ்வரமும் சமமாத் தள்ளி உக்காந்துக்கும். சுத்தறதுக்குக் கம்பி கொண்டாங்க."

"கடையில கழிவுக் கம்பி கெடக்குது, அது போதுமா அம்மணி?"

"கழிவெல்லாம் வெளிய யாவாரம் பண்ணுங்க. எனக்குப் புதுசு வேணும்."

போர்வெல் வேலையில் மிஞ்சிய பிவிசி குழாயை நான் உருட்ட, ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் நீ கம்பியை விரலால் ஒதுக்கிக்கொண்டே வந்தாய். சுருள் சேர்ந்த பிறகு வாசிப்பது எளிதாகிவிட்டது. எனக்குத்தான் கஷ்டம். நீ சுருளைச் சரிபார்த்த நேரமெல்லாம் நான் பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அறையில் இருக்கிற உடம்பெல்லாம் அந்தக் கருவிக்குக் கணக்கு என்பதால், நான் அங்கே இருந்தால்தான் ஸ்வரம் சேரும் என்று ஆகிவிட்டது. நான் போனை எடுக்கக் குனிந்தால்கூட ஸ்வரம் வழுக்கியது.

"உங்க தொந்தியும் இதுல ஒரு பார்ட்டுங்க. அசையாதீங்க."

"கஸ்டமர் கூப்புடறான் அம்மணி."

"அவன் நாளைக்கும் கூப்புடுவான்."

கடை திறந்த காலத்திலிருந்து ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்தறியாத என்னைத் தினமும் சாயங்காலம் சிலைபோல உட்காரவைத்தாய். அலுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஆனால் பார்க்க வேறெதுவும் இல்லாததால் உன் கைகளையே பார்த்திருந்தேன். எந்த ஸ்வரத்துக்கு எங்கே நின்றன என்பது இப்போதும் எனக்கு மனப்பாடம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சிய படிப்பு அது ஒன்றுதான்.

அந்தத் தைரியத்தில்தான், நீ கண்ணை மூடிய பிறகு முதல் முறையாக, போன மாதம் நீ நின்ற இடத்தில் நின்று, நீ வைத்த இடத்தில் கை வைத்தேன். ஸ்வரம் அங்கே இல்லை. எல்லாமே ஒரு இழை கீழே கிடந்தன. பழுதாகிவிட்டதென்று பற்றவைத்த இடங்களையெல்லாம் சோதித்தேன். பழுது எதுவும் இல்லை. சுருதி கூட்டும் குமிழைத் திருகினால் 'ச' சரியாயிற்று. மேலே போகப் போக இடைவெளி கெட்டது. பிறகுதான் உறைத்தது. உன் இடத்தில் நான் நிற்கிறேன். என் இடத்தில் ஆளில்லை.

தண்ணீர் கேனைத் தூக்கி நாற்காலியில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேவலைதான். ஆனால் கேனுக்கு வாசித்துக்காட்ட மனம் வரவில்லை. சுருளைக் குறைத்தால் காலி அறையிலும் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்கும். இனி எனக்கு வாசிக்க எளிது. ஒரு நிமிட வேலை. ஆனால் வெட்டிவிட்டால், கேட்க ஆளே இல்லாத அறைக்கென்று செய்த கருவியாக அது ஆகிவிடும்.

கட்டரோடு நான் உட்கார்ந்திருந்தபோதுதான் எதிர் லேத் பட்டறைப் பழனிச்சாமி மாடியேறி வந்தார். "டீச்சர், பேய் ஓட்டறீங்களா?" என்று உன்னைக் கேட்டாரே, அவர்தான். மோட்டார் எரிந்துபோய்க் கம்பி கேட்டு வந்தவர், நான் சொல்லாமலே என் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எனக்கு ஒன்று தோன்றியது. மூடியைப் பொருத்தி, பெட்டியை ஓடவிட்டுக் கையை நீட்டினேன். 'ச' வந்தது. 'ரி' அதன் இடத்தில் இருந்தது. அவர் எழப் பார்த்தார்.

"உக்காருங்க!"

"ஏனுங்க, எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க?"

சொன்னேன். மறுபடியும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சும்மா உக்கார ஆள் வேணும்னா பேசி முடிச்சுக்கலாமுங்க" என்றார். யாவாரிகள் இருவர் பேசினால் பேரம் இல்லாமல் போகுமா?

கடைசியில் முடிவானது இதுதான்: செவ்வாயும் வெள்ளியும் லேத்தை நிறுத்திவிட்டு வருவார். போன் பட்டறையிலேயே இருக்கும். காபி என் பொறுப்பு. அவர் தும்மினால் நான் குற்றம் சொல்லக் கூடாது. மெட்டு முடிகிறவரை அவர் எழுந்திருக்கக் கூடாது. நான் நடுவில் நிறுத்திவிட்டால் ஏனென்று கேட்கக் கூடாது.